சிவப்பா, நீலமா?

மலாயாவில் பத்தாங் பெர்சுந்தைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நவமணி என்றொரு பால்வெட்டுக்காரி இருந்தாள். அவள் முகத்தை முழுசாகப் பார்த்தவர்கள் குறைவு. தலை வகிடுதான் எல்லோருக்கும் தெரியும். மரத்தில் பால் வெட்டுவதில் அவளுக்கு நிகர் அவளேதான் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரே ஒப்புக்கொள்வார். ஆனால் மரத்தை விட்டு எடுத்த கண் நேரே தரைக்குத்தான் போகும்.

காரணம் இல்லாமல் இல்லை. வெள்ளைக்காரர்கள் காட்டுக் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அவசர காலம் தொடங்கிய புதிதில், போலீஸ்காரர்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆண்களை வரிசையாக நிறுத்தினார்கள். முகமூடி போட்ட ஒருவன் ஜீப்பில் இருந்தபடி ஆள் காட்டிக்கொண்டிருந்தான். அவன் யாரென்று பார்க்க நவமணியின் கணவன் கார்த்திகேசு தலையை நிமிர்த்தினான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். ஏன் முறைக்கிறாய் என்று கேட்டு அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க உள்ளே கிடந்துவிட்டு வந்தவன், வந்த அன்றே மனைவியிடம் சொன்னான்.

“யாரு மொகத்தையும் பாக்காத. தரையப் பாத்து நட. தப்பிச்சிக்கலாம்.”

அவனும் அப்படியே நடந்தான். வீட்டுக்குள் சோறு போடும்போதுகூட அவளை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதுதான் அவளுக்கு ஆறாத வலி.

லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது, ஊரடங்கு வந்தது. மத்தியானத்துக்கு மேல் போக்கிடம் இல்லை. அப்போதுதான் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசரின் மனைவி டொரீன் வேலிக்குள் ஒரு வலையைக் கட்டினாள். பெண்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு மட்டையைக் கொடுத்தாள். பூப்பந்து, அதுதான் பேட்மிண்டன், என்றால் மலாயாவே பைத்தியமாக இருந்த காலம் அது. பொம்பிளைகள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள்?

நவமணிக்கு மணிக்கட்டு வலு அபாரம். ஆனால் பந்தைத் தொட முடியவில்லை. புதிதாக ஆடுகிறவர்கள் பந்து கிட்டே வந்த பிறகு பார்ப்பார்கள். இவளோ கீழே விழுந்த பிறகு பார்த்தாள்.

“அக்கா, பந்து மேலேருந்து வருது. மண்ணுலேருந்து மொளைக்காதுலா,” என்றாள் பக்கத்து லயத்துக் கங்கா. எல்லோரும் சிரித்தார்கள். நவமணியும் சிரித்தாள், தரையைப் பார்த்து.

டொரீன் சிரிக்கவில்லை. மறுநாள் மருந்துக் கொட்டகையிலிருந்து புண்ணுக்குப் போடும் மருந்துகளைக் கொண்டுவந்து, ஒரு பந்தின் இறகுக்குக் கீழே இருக்கும் தக்கையில் சிவப்பும் இன்னொன்றில் நீலமும் தடவினாள். இரண்டையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“அடிக்க வேணாம். ஒன்னத் தூக்கிப் போடுவேன். வலையத் தாண்டறதுக்குள்ள நெறத்தச் சொல்லணும்.”

நவமணி குத்துமதிப்பாகச் சொல்லிப் பார்த்தாள். குருட்டாம்போக்கு எத்தனை நாளைக்கு ஓடும்? டொரீன் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள்: “என் மொகத்தப் பாக்க வேணாம், நவமணி. கைய மட்டும் பாரு. பந்து கையிலதான் பொறக்குது.”

கையைப் பார்க்கலாம். கை ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. நவமணியின் கண் முதலில் டொரீனின் விரலுக்கு ஏறியது. பிறகு மணிக்கட்டுக்கு. மணிக்கட்டு திரும்பும் பக்கம்தான் பந்து போகும் என்று தெரிந்ததும் முழங்கைக்கு, தோளுக்கு. மழைக்காலம் பிடிப்பதற்குள் அவள் டொரீனின் முகத்தையே பார்த்து நின்றாள். நிறம் தப்பவில்லை. பந்தும் தப்பவில்லை. கார்த்திகேசு மட்டும் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. வேலைக்குப் போகிறவர்களை வேலி வாசலில் சோதனை போட்டார்கள். ஒரு பிடி சோறுகூட வெளியே போகக்கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். அன்றைக்கென்று வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வந்திருந்தார். பெண்கள் குனிந்தபடி நின்றார்கள். நவமணியும் குனிந்துதான் நின்றாள். ஆனால் அவள் கண், பழக்க தோஷம், காவல்காரர் யூசோப்பின் கையிலேயே இருந்தது. அவர் சோதனைப் பலகை மேலிருந்த பால் வாளிகளை நகர்த்தினார். முழங்கை பட்டு, ஓரத்தில் இருந்த வாழையிலைப் பொட்டலம் கங்காவின் வாளிக்குள் விழுந்தது. அவர் கவனிக்கவே இல்லை.

அதிகாரி அந்த வாளிக்குள் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே சோறு. கங்கா வாளியையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் அவள் கைக்குழந்தை இருந்தது. சோறு கடத்தினால் சிறை என்பது எல்லோருக்கும் தெரியும். நிமிர்ந்து பார்த்தால் என்ன ஆகும் என்பது நவமணிக்குத் தெரிந்த அளவு யாருக்குமே தெரியாது.

பொட்டலம் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். மணிக்கட்டு, முழங்கை, தோள். கடைசியில் முகம். வெயிலில் தோல் உரிந்த மூக்கு, பூனைக்கண். அவ்வளவுதானா என்று இருந்தது.

“துவான், இத்து நாசி டியா பூஞா,” என்றாள். மலாய் மொழியில், அது அவருடைய சோறு, துரை, என்று யூசோப்பைக் காட்டினாள். முழங்கை பட்டதையும் தன் முழங்கையால் செய்து காட்டினாள்.

யூசோப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அது காலியாக இருந்தது. நல்ல மனுஷன், மறைக்கவில்லை. ஆமாம், என்னுடையதுதான், என் மனைவி கட்டிக் கொடுத்தது என்று தலையைச் சொறிந்தார். அதிகாரி நவமணியையே பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. போகலாம் என்று அவர் கையைக் காட்டினார்.

அந்தத் தைரியம் துப்பாக்கி வைத்திருந்தவர்களிடம்கூட இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

செய்தி அவளுக்கு முன்னால் லயத்துக்குப் போய்விட்டது. சாயங்காலம் கார்த்திகேசு வலையருகே வந்து, மண்ணைப் பார்த்து நின்றான்.

“பிடிச்சிட்டுப் போயிருந்தா என்னா செஞ்சிருப்ப?”

நவமணி பந்துகளைக் கையில் எடுத்தாள். இரண்டு பந்துகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வலைக்கு அந்தப் பக்கம் போனாள்.

“என் கையப் பாருங்க. நெறத்தச் சொல்லுங்க.”

பந்து உயர்ந்தது. அவன் தலை மெதுவாக, துருப்பிடித்த கதவு போல, அதன் கூடவே எழுந்தது.

“நீலம்,” என்றான்.

சிவப்புதான். அவள் திருத்தவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.