மஞ்சள்தான் சித்தப்பா

எனக்கு அப்போது எட்டு வயது. வளைகாப்பு முடிந்து செங்கோட்டையில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சித்திக்குக் குழந்தை பிறந்து தங்கவில்லை. அதைப் பற்றி யாரிடமும் கேட்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். சித்தி திரும்பி வருவதற்குள் நாங்கள் எல்லோரும் சேர்ந்திருந்த தென்காசி வீட்டின் முன்னறையில் ஒரு கடல்மீன் தொட்டி வைத்துவிட வேண்டும் என்று சித்தப்பா கிளம்பினார்.

உப்பைக் கரைத்தார், பாறைகளை அடுக்கினார். பிறகு மீனுக்குப் பதில் ஓர் இறாலைப் போட்டு அழுக விட்டார். அழுகும்போது வருகிற அமோனியா மீனுக்கு விஷம். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பாறையில் பெருகிய பிறகுதான் மீன் விடலாமாம். அம்மா ஊதுபத்திகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனாள்.

அதற்குள் குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. போலீஸ்காரரான சித்தப்பாவுக்கு ஐந்தருவியில் காவல் வேலை, தங்கலும் அங்கேதான். தண்ணீரைச் சோதிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட வேண்டும். பச்சையானால் விஷம் இருக்கிறது, மஞ்சளானால் மீன் விடலாம். வாரக்கணக்கில் பச்சைதான். சித்தி வரும் நாள் நெருங்க நெருங்க ஒரே நாளில் மூன்று நான்கு முறை சோதித்தேன். தொட்டி காலியாகக் கிடந்தால் அது என் குற்றம் என்றே நினைத்தேன்.

சித்தி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சித்தப்பா போனில் கேட்டார்.

“ஏட்டி, மஞ்சளாயிட்டா?”

குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “மஞ்சள்தான் சித்தப்பா.”

மறுநாள் காலையில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு குட்டி மீன்களோடு வந்தார். மதியத்துக்குள் இரண்டும் தண்ணீருக்கு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. என்னால் தாங்க முடியவில்லை.

“சித்தப்பா, நான் பொய் சொல்லிட்டேன். பச்சையாத்தான் இருந்துச்சு.”

அவர் திட்டவில்லை. வாளியில் தயாராக வைத்திருந்த புது உப்புத் தண்ணீருக்கு மீன்களை மாற்றினார். ஒன்று மெல்லத் தெளிந்து நீந்தியது. மற்றொன்று ஒருக்களித்து மிதந்தபோது சித்தியின் ஆட்டோ வாசலில் வந்து நின்றது.

சித்தி நேராக வந்து வாளிக்குள் குனிந்து பார்த்தாள். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தேன்.

“தண்ணி தயாராவல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்றார் சித்தப்பா. என்னைப் பற்றி மூச்சுவிடவில்லை.

சித்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க மேல தப்பில்ல. எம்மேலயும் இல்ல. டாக்டரம்மா சொன்னாவள்லா?”

இருவரும் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள். அந்த மீனை எந்த டாக்டரிடம், எப்போது காட்டினார்கள் என்பதுதான் எனக்குப் புரியவேயில்லை.