கடைசி வயலுக்கு வந்த டர்போ

அறுவடை மிஷின் வைத்திருப்பவன் ஊரார் வயலை அறுத்து முடித்துவிட்டுத் தன் வயலைக் கடைசியில்தான் அறுப்பான். எங்கள் வலங்கைமான் பக்கத்தில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தன்னுடையதை முதலில் அறுத்துக்கொண்டால் அடுத்த போகத்துக்கு ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். நானும் தங்கை கணவரும் கூட்டாக மிஷின் வாங்கியதிலிருந்து என் சம்பா கடைசியில்தான்.

ஓட்டுவது மாப்பிள்ளை. டீசலைக் குடித்துத் தீர்க்கிறதே என்று புலம்பி, போன கோடையில் புது டர்போ போட்டோம். வெளியேறும் புகையின் வேகத்திலேயே சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற சாமான் அது. காற்று போதுமான அளவு கிடைத்தால் டீசல் முழுதாக எரியும். சேற்றிலும் மிஷின் திணறாது. அடுத்து வந்த சம்பா அறுப்பில் ஊரே மெச்சியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் வயலில் இறங்கிய அன்று மிஷின் கரும்புகையாகக் கக்கியது. கொஞ்சம் நகரும், நின்றுவிடும்.

"என்ன மாப்ள, இழுக்கவே மாட்டேங்குது?"

"சேறு மச்சான். தண்ணிய நீங்க முன்னாடியே வடிச்சிருக்கணும்."

நம்பினேன். வடிகாலை நேரத்தில் வெட்டிவிடாத என்னையே திட்டிக்கொண்டேன். பாதி வயல் நிற்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. சாய்ந்த கதிர்கள் தண்ணீரில் கிடந்து முளைத்துவிட்டன. என் மனைவி வரப்பில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மழை விட்டதும் பாபநாசத்திலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். அவர் டர்போவைக் கழற்றினார். உள்ளே இறக்கைகள் மழுங்கியிருந்தன, தண்டு ஆடியது.

"இது உங்களுது இல்லீங்க. உங்க மாப்பிள்ளையோட குடவாசல் மிஷின்ல இருந்தது. போயிடுச்சு, மாத்துங்கன்னு நான்தான் சொன்னேன்."

குடவாசலில் மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு மிஷின் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நேரே தங்கை வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மாப்பிள்ளை மறுக்கக்கூட இல்லை.

"அங்க அவசர அறுப்பு மச்சான். ஊரு வயலெல்லாம் முடிஞ்சபிறகுதான் மாத்துனேன். மத்தவங்க வயலுன்னா சண்டைக்கு வந்துடுவாங்க."

நான் சண்டைக்கு வரமாட்டேன் என்று யார் சொன்னது என்று கத்தினேன். காபி டம்ளரோடு கதவோரம் நின்றிருந்த தங்கைதான் வாயைத் திறந்தாள்.

"நான்தாண்ணே சொன்னேன்."