வலி மருந்தும் ஒரு மாநாடும்

எண்பதுகளின் பிற்பகுதியில் என் கணவருக்கு மொரீஷியஸில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. நானும் உடன் போய், அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்தேன். ஆலைகளும் ஓட்டல்களும் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்த காலம்.

என் வார்டுக்கு வந்தவர்களில் ஒருத்தி, பீனிக்ஸ் பக்கம் ஒரு ஸ்வெட்டர் ஆலையில் காலர் தைத்தவள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. மார்பில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியதும், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு லீவு நாளில் அவள் ஊரான சேன் பியேருக்குப் பஸ் ஏறினேன்.

கரும்புத் தோட்டத்தை ஒட்டிய சின்ன வீடு. அவளால் படுக்க முடியவில்லை. மேசைமேல் தலையணை போட்டு, அதில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் கோயில் தமிழ். காவடிப் பாட்டுகளைத் தப்பில்லாமல் பாடுவாள். வலிக்கு மட்டும் அவளிடம் தமிழ்ச் சொல் இல்லை. "துலேர், அக்கா, துலேர்" என்றாள்.

அவள் கணவர் மாயெபூர் பக்கம் ஒரு கடற்கரை ஓட்டலில் பரிமாறுபவர். அவர்களோடு என் பேச்சு, வார்டில் நான் கற்றுக்கொண்ட உள்ளூர் மொழியான கிரியோலில்தான்.

"எந்த மாத்திரைக்கும் வலி கேக்கல, மிஸ். ஊசின்னா ஆஸ்பத்திரிக்குத்தான் வரணும்ங்கிறாங்க. டாக்சி குலுங்குற குலுக்கல்ல வழியெல்லாம் அலறுறா. வீடு வந்து கொஞ்ச நேரத்துல திரும்பவும் ஆரம்பிச்சிடுது."

எங்கள் வார்டின் இளம் டாக்டர் இங்கிலாந்தில் படித்தவர். அங்கே மார்ஃபினைச் சிரப்பாகக் கலக்கி வீட்டிலேயே குடிக்கக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறார். அவர் மருந்தாளரிடம் பலமுறை மன்றாடி, இவள் ஒருத்திக்காக மட்டும் ஒரு பாட்டில் கலக்க வைத்தார். அளவுக் கரண்டியைப் பிடிக்க அவள் கணவருக்கு நான் சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த தடவை நான் போனபோது அவள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நேத்து என் மகளுக்குத் தலை பின்னிவிட்டேன், அக்கா" என்றாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கீரையைக் கையில் எடுத்தேன்.

ஆனால் வார்டில் அதே வலியோடு மற்றவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் மருந்து கேட்டபோது, பெரிய டாக்டர்கள் ஒப்புக்கொண்டால்தான் முடியும் என்று மருந்தாளர் கையை விரித்துவிட்டார். அந்த வருடம் டாக்டர்களும் நர்ஸ்களும் கூடும் தேசிய மாநாடு நடக்கவிருந்தது. இளம் டாக்டர் அதில் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கி, என்னைப் பேசச் சொன்னார். "வீட்டுக்குப் போய்ப் பார்த்தது நீங்கதானே, சிஸ்டர்."

அவள் கதையை அங்கே சொல்லலாமா என்று அவளிடமே கேட்டேன். "சொல்லுங்க. பேரு மட்டும் வேணாம். ஆலையில எல்லாரும் அதையே பேசிக்கிட்டிருப்பாங்க."

மாநாடு நடந்தது அவள் கணவர் வேலை பார்த்த ஓட்டலிலேயே. அன்று அவருக்கு விடுமுறை என்று அவள் சொல்லியிருந்தாள். நான் மேடையேறி ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் பேசியிருப்பேன், பின்சுவரோரம் பரிமாறுபவரின் வெள்ளைக் கோட்டில் அவர் நிற்பதைப் பார்த்தேன். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

முடித்ததும் மூத்த டாக்டர் ஒருவர் எழுந்தார். "மார்ஃபின் பழகிப்போகும். அதை வீட்டு அலமாரியில் வைக்கச் சொல்கிறீர்களா? அந்த வீட்டுப் பிள்ளைகள் எடுத்தால் யார் பொறுப்பு?" தீவில் போதைப்பொருள் பயம் பரவியிருந்த நேரம் அது. அவர் அச்சத்தை ஒதுக்கித் தள்ள முடியவில்லை. பலர் தலையாட்டினார்கள். நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை.

தேநீர் இடைவேளையில் அந்த டாக்டரின் கோப்பையில் தேநீர் ஊற்றியவர் அவள் கணவர்தான். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"தோக்தெர், மிஸ் சொன்னது என் வீட்டுக்காரியைப் பத்தித்தான்."

டாக்டர் கோப்பையை வைத்துவிட்டார். "உட்காரு."

"டூட்டில இருக்கேன், சார். இதைக் கேக்கணும்னுதான் ஒருத்தன்கிட்ட ஷிப்ட் மாத்திக்கிட்டேன்."

டாக்டரும் உட்காரவில்லை. அவரோடு ஜன்னலோரம் போய் நின்றார். மருந்தை எங்கே வைக்கிறீர்கள், அவள் அளவுக்கு மேல் கேட்கிறாளா, பகலெல்லாம் தூங்குகிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பூட்டி வச்சிருக்கேன், சார். சாவி என்கிட்ட. அவ அதிகமா கேக்கல. மகளோட பேசிக்கிட்டிருக்கா. அது போதும் எனக்கு." சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. டாக்டர் அவர் தோளில் கை வைத்தார்.

மதியக் கூட்டத்தில் அதே டாக்டர் மறுபடி எழுந்தார். பயம் தனக்கு இன்னும் போகவில்லை என்றார். ஆனாலும் பூட்டும் கணக்கும் நர்ஸ் மேற்பார்வையும் இருந்தால் சில வீடுகளில் தொடங்கிப் பார்க்கலாம் என்றார். "வீடு வீடாக யார் போவது?" என்று யாரோ கேட்டார்கள். வெவ்வேறு ஊர் நர்ஸ்கள் கை தூக்கினார்கள். மாயெபூர் நர்ஸ், "சந்தைக்குப் போற வழிதான், நான் பார்த்துக்கிறேன்" என்றதும் அரங்கில் சிரிப்பு எழுந்தது. தீர்மானம் நிறைவேறியது.

கரும்பு வெட்டும் பருவத்தில் அவள் தன் வீட்டிலேயே, மகளின் மடியில் தலை வைத்தபடி இறந்துபோனாள். நான் போனபோது கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியில அலறல, மிஸ்" என்றார். பஸ்ஸில் திரும்பி வருகையில்தான் எனக்கு அழுகை வந்தது.

பிறகு சில மாதங்களில், வீடுகளுக்கு மருந்து கொண்டுபோக எங்களுக்கு ஒரு பழைய வேன் கிடைத்தது. முதலில் போனது மாயெபூரில் புற்றுநோயோடு படுத்திருந்த ஒரு மீனவர் வீட்டுக்கு. எதிர்த்துப் பேசிய அந்த மூத்த டாக்டரும் கூட வந்தார். நாங்கள் கிளம்பும்போது மீனவர், "வெறுங்கையோட அனுப்பாதே" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். சேன் பியேர் திருப்பத்தில் இறங்கும் வரை, செய்தித்தாளில் சுற்றிய மீனை மடியில் வைத்துக்கொண்டு டாக்டர் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார்.