நாற்பது சோடிச் சப்பாத்து

கலிபோர்னியாவிலிருந்து பெரியப்பா சுவிஸுக்கு வந்திறங்கிய அன்றே எங்கள் துன் ஏரி சிறுத்துப்போனது. "இது ஏரியோ, குளமோ?" என்று கேட்டார். மலையைக் காட்டினால் அங்கே இதைவிட உயரமான மலை. சீஸைக் கொடுத்தால் "மணக்குது" என்று மூக்கைப் பொத்தித் தள்ளிவைத்தார். அப்பாவுக்கோ அண்ணன் என்றால் சாமி. இன்டர்லாக்கனில் ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்துகொண்டிருந்த அவர், பத்து வருடங்களுக்குப் பிறகு பார்க்கும் அண்ணன் தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிடமாட்டாரா என்று தவித்தார். ஒன்பது வயதுச் சிறுமியான எனக்கு அந்தத் தவிப்பெல்லாம் இல்லை. பெரியப்பாவின் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவரிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. அந்தக் காலத்தில் ஸ்பானியர் கட்டிய மிஷன் தேவாலயங்கள். இடிந்து கிடந்தவற்றை அழகாகத் திருத்திவைத்திருக்கிறார்களாம். ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துப் போன் நிறையப் படம் பிடித்திருந்தார். வெள்ளைச் சுவர், வளைவு வளைவாக வாசல்கள், மணிகள், பக்கத்திலேயே பழைய கோட்டை.

"இருநூறு வருசத்துப் பழசு. உங்களிட்ட என்னடா இருக்கு?"

"ஆயிரம் வருசத்துப் பழசு ஒண்டு இருக்கு, அண்ணை" என்றார் அப்பா. நான் கைதட்டியே விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். ஏரிக்கரையில் ஒரு கோட்டை, அதன் அருகில் கருங்கல் தேவாலயம். அப்போதுதான் திருத்தி, சுவரோவியங்களைத் துடைத்துத் திறந்திருந்தார்கள். அதன் வரலாற்றை என் பள்ளிப் புத்தகத்திலிருந்து ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தேன். அப்பா ரயிலில் அதைப் பரீட்சைக்குப் போகிறவர்போல முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

வாசலுக்கு வந்ததும் அப்பா காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றினார். அம்மாவும் கழற்றினார். எனக்கு மானம் போனது.

"அப்பா, இஞ்ச ஒருத்தரும் கழட்டமாட்டினம்."

"கோயில் எண்டா கோயில்தான். கழட்டு."

"நான் மிஷன் எல்லாம் சப்பாத்தோடதான் பாத்தனான்" என்று பெரியப்பா டொக்கு டொக்கென்று உள்ளே போனார். அப்பாவும் அம்மாவும் பின்னால் போனார்கள். நான் மட்டும், அவர்கள் கழற்றிவைத்த சப்பாத்துகளின் பக்கத்தில் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து நின்றது. நாற்பது முதியவர்கள் இறங்கினார்கள். முன்னால் வந்த அம்மையார் எங்கள் சப்பாத்துகளைப் பார்த்துவிட்டு, தரையைப் புதுக்கியிருப்பதால் கழற்ற வேண்டுமா என்று என்னிடம் ஜெர்மனில் கேட்டார். இல்லை என்றால் உள்ளே அப்பாவைப் பார்த்துச் சிரிப்பார்களே! "யா" என்று தலையாட்டினேன். ஐயோ, அந்தச் சனம் மறுகேள்வி கேட்கவில்லை. நாற்பது பேரும் குனிந்து நாடாவை அவிழ்த்துச் சுவரோரம் வரிசையாக வைத்தார்கள். ஒரு தாத்தா எங்களுடையதையும் நேராக்கிவிட்டார்.

நானும் கழற்றிவிட்டு அவர்களோடு போனேன். உள்ளே இப்போது பெரியப்பாவின் சப்பாத்துச் சத்தம் மட்டும்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் பெரியப்பாவின் காலைப் பணிவாகச் சுட்டிக்காட்டினார். பெரியப்பா வெளியே போய், வயிறு தடுக்கத் தடுக்கக் குனிந்து, கழற்றிவிட்டு வந்தார். வலது சொக்ஸில் பெரிய ஓட்டை. பெருவிரல் எட்டிப் பார்த்தது.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். கிள்ளினால் என்ன, வென்றுவிட்டோம்! இனி அப்பா ஆயிரம் வருடத்தை எடுத்துவிட வேண்டியதுதான் பாக்கி.

அப்பா அந்த விரலைப் பார்த்தார். அண்ணனின் முகத்தைப் பார்த்தார். அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"படத்தில பாத்தனான் அண்ணை. இதைவிட உங்கட மிஷன்தான் வடிவு."

எனக்கு அழுகையே வந்தது. மெல்ல நடந்துகொண்டிருந்த நாற்பது சோடிக் கால்களையும் பெரியப்பா ஒருதரம் சுற்றிப் பார்த்தார். பிறகு தேவாலயம் என்றும் பாராமல் வெடித்துச் சிரித்தார்.

"டேய், நீ சப்பாத்தைக் கழட்டினா ஒரு பஸ் வெள்ளைக்காரரே கழட்டுறாங்களடா! நீ இஞ்ச நல்லாத்தான் இருக்கிறாய்" என்று அப்பாவின் தோளில் கைபோட்டார்.

அப்பா சட்டென்று திரும்பி, சுவரோவியத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பின் கோட்டையில் ஏறினோம், மதிலில் உட்கார்ந்து அம்மா கொண்டுவந்த ரோல்ஸைச் சாப்பிட்டோம். தேவாலயத்தைப் பற்றிப் பெரியப்பா ஒரு சொல் சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பும் ரயிலில் அப்பாவின் காதுக்குள் கேட்டேன்:

"பெரியப்பா கடைசிவரைக்கும் நல்லம் எண்டு சொல்லேல்லைத்தானே?"

"சொன்னவர், பிள்ளை" என்றார் அப்பா, முகமெல்லாம் சிரிப்பாக.

என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்லுகிறார் என்றுதான் நினைத்தேன்.