ரகுபதி வாங்கிய கையெழுத்து

எர்ணாவூரில் மழைத்தண்ணீர் தேங்கினால் ஜனங்கள் மாநகராட்சி அலுவலகத்தைத் தேடமாட்டார்கள். அங்கே வேலை பார்க்கும் மழைநீர்க் கால்வாய் மேஸ்திரி ரகுபதியைத்தான் தேடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக, போன் வந்தால் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிற மனுஷன். பெருவெள்ளத்தின்போது மார்பளவுத் தண்ணீரில் நின்று அடைப்பெடுத்தவர்.

பிறகு வெளிநாட்டு வங்கிக் கடனில் புதுக் கால்வாய் வந்தது. கூடவே வங்கியின் விதிகளும் வந்தன. புகாரைப் பதிய வேண்டும், முப்பது நாளில் தீர்க்க வேண்டும், தீர்ந்ததென்று புகார் கொடுத்தவரே கையெழுத்துப் போட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ரகுபதியே டீக்கடையில் பெருமையடித்துக்கொண்டார், பாவம்.

ரமாபாய் வீட்டெதிரே கால்வாய்ச் சுவரைத் தெருவைவிட ஒரு சாண் உயர்த்தி, தண்ணீர் இறங்க வழியே விடாமல் கட்டிவிட்டார்கள். ஒற்றை அறைதான் அவளுக்கு வீடும் இட்லிக் கடையும். புகார் கொடுத்தாள். ரகுபதி கடப்பாரையோடு போனார். வேலை முடித்து ஒப்படைக்கும்வரை அது கால்வாய்த் திட்ட அலுவலகத்தின் பொறுப்பு, மாநகராட்சி ஆள் தொடக்கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இருபத்தெட்டாம் நாள் திட்டப் பொறியாளர் வில்சன் கூப்பிட்டார். "திங்கட்கிழமை பேங்க்காரங்க வராங்க. தீராத புகார் இருந்தா கடனோட அடுத்த தவணை வராம நின்னுடும். மழைக்கு முன்னாடி வழி வச்சிடலாம். நீங்க கேட்டா அந்தம்மா கையெழுத்து போடுவாங்க." அந்த அலுவலகத்தில் கால்வாயைப் பற்றிய கவலை போய், புகார்ப் புத்தகத்தைப் பற்றிய கவலை வந்துவிட்டிருந்தது.

ரகுபதிக்கு மனசே வரவில்லை. ஆனாலும் போனார்.

"யக்கா, இங்க ஒரு கையெழுத்து."

"இன்னா நைனா இது?"

"வேல நடக்கும்க்கா, போடு."

மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, படிக்காமலே போட்டாள்.

ஐப்பசி பிறந்தும் வழி வைக்க ஒருவரும் வரவில்லை. மழை வந்தது. அறைக்குள் முழங்கால் தண்ணீர். கிரைண்டரும் அரிசி மூட்டையும் நாசம். திட்ட அலுவலகத்துக்கு ஓடியவளிடம் அவள் கையெழுத்தையே எடுத்துக் காட்டினார்கள். குறை தீர்ந்தது, திருப்தி என்று அதன்மேல் எழுதியிருந்தது.

சேதி கேட்ட ரகுபதி யாரையும் கேட்காமல் போய்ச் சுவரை உடைத்தார். மெமோ வரும் என்று தெரியும், வரட்டும். மத்தியானத்துக்குள் தண்ணீர் வடிந்தது. ரமாபாய் வாசலில் போய் நின்றார். வாய்க்கு வந்தபடி திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

சேற்றை வாரிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"இனிமே என்னாண்ட கையெழுத்து கேட்டு வராத நைனா. நீ கேட்டா மறுபடியும் போட்டுடுவேன்."