சான்றிதழில் அப்பாவின் படம்

அப்பா அந்த விடுதியை மன்னித்துவிட்டாரா? அவர் மறைந்து ஓராண்டு ஆகியும் எனக்கு விடை தெரியவில்லை.

அப்பா சிம்பாங் ரெங்கம் அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், பால்மரம் வெட்டியவர்களின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். இடைநிலைப் பள்ளிக்காகச் சிகாமட்டில் ஒரு மாணவர் விடுதியில் சேர்த்தார்கள். மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போகலாம். ஆனால் மூத்த மாணவர் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும்.

அத்தையின் திருமணத்துக்கு முதல் நாள், அப்பா சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வைத்துவிட்டார் என்று அந்தத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்தார். அத்தைக்கு உடன்பிறந்த ஆண் அப்பா ஒருவர்தான். ஓமத்தின் முன் அக்காள் கையில் பொரி அள்ளிப்போட வேண்டியவர், அந்நேரம் விடுதிக் கழிவறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் பொரி போட்டார். இதை அத்தைதான் என்னிடம் சொன்னார். அப்பா ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

பிறகு அப்பா ஜொகூர் பாருவில் தொழிற்சாலை மேற்பார்வையாளரானார். வீட்டுக் கல்யாணம் என்று யார் விடுப்புக் கேட்டாலும் மறு கேள்வி கேட்கமாட்டார். உறவினர் வீடுகளிலும் தம் தட்டைத் தாமே கழுவுவார். மருத்துவமனையில் கடைசி வாரம், தாதி தட்டை எடுத்துப் போனதும், "கழுவிட்டாங்களா பாரும்மா" என்று என்னைத் துரத்திக்கொண்டே இருந்தார்.

இப்போது முன்னாள் மாணவர்கள் அந்த விடுதியைக் கௌரவிக்க ஒரு மாணவர் பயண விருது தொடங்குகிறார்கள். ஆண்டுதோறும் ஒருவரை வெளிநாடு பார்த்துவர அனுப்புவார்களாம். சான்றிதழில் அப்பாவின் படம் வேண்டும், அதற்கு என் ஒப்புதல் வேண்டும் என்று படிவத்தோடு வீட்டுக்கு வந்தவர் அதே தலைவர்.

"உங்கப்பா ரொம்ப ஒழுக்கம்மா. எல்லாம் விடுதி குடுத்தது."

அத்தை அறைக்குள்ளிருந்து வந்தார். "வீட்டுக்கே அனுப்பாத ஆளு, இப்ப வெளிநாட்டுக்கு அனுப்பப் போறீங்களா?"

"அலமாக்! சின்ன வயசுல நடந்ததுக்கா இப்ப கோபம்? அவரே மறந்துட்டாரு லா."

"அவன் மறந்தான்னு உங்ககிட்ட வந்து சொன்னானா?"

அவர் போனபின் தேநீர்க் கோப்பை மேசையிலேயே இருந்தது. இரண்டு நாள் அதை நான் கழுவவில்லை.

படிவத்தைத் திருப்பி அனுப்பத்தான் மனம் துடிக்கிறது. ஆனால் அப்பா ஆண்டுதோறும் அவர்களுடைய விருந்துக்குப் போனாரே! ஒரு படத்தில் அந்தத் தலைவரின் பக்கத்தில் நின்று சிரிக்கிறார். மனம் விட்டுச் சிரித்தாரா, மரியாதைக்குச் சிரித்தாரா? ஒரு கோபத்துக்காகக் கையெழுத்தை மறுத்தால் நானும் அந்தத் தலைவரைப் போல ஆகிவிடுவேனோ? என் மகள் பெரியவளானால் என்னிடம் என்ன கேட்பாள்?

அப்பாவைக் கவனித்த தாதியருக்கும், கருமக்கிரியைக்குச் சமைத்துக் கொடுத்த உறவினருக்கும், இன்றுவரை என்னோடு இருக்கும் அத்தைக்கும் நன்றி. அன்று நாற்காலி அடுக்கிய முன்னாள் மாணவர்களுக்கும் நன்றி, நாற்காலிக்கு மட்டும்.

இன்று திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெறும் நீங்கள் அப்பாவை என்னைவிட நெடுநாள் அறிந்தவர்கள். படிவம் என் கைப்பையில் இருக்கிறது. சாப்பிட்டுப் புறப்படும்முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அந்தத் தலைவர் காதில் விழுந்தாலும் பரவாயில்லை. நான் கையெழுத்துப் போடலாமா?