பிள்ளையின் பேரில் ஒரு வீடு

அந்த நாட்களில் எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் நுனியில்தான் இருக்கும். வயது போனபின் குறையும் என்றார்கள். குறையவில்லை. டென்மார்க் பத்திரிகைகள் 'தமிழர் வழக்கு' என்று பெயர் வைத்து, விசாரணை நடந்து, பெரிய இடத்துப் பதவிகள் எல்லாம் ஆட்டம் கண்டபோது எங்கள் ஆட்கள் பலருக்கு மனம் ஆறியது. எனக்கு ஆறவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை, நானாகச் சொன்னதும் இல்லை.

இது நடந்தபோது நான் டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஒரு அறையில், மன்னார்த் தம்பி ஒருவனோடு இருந்தேன். அகதி அனுமதி கிடைத்த வாரமே மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டேன். அவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். மகளுக்குப் பதினாறு வயது. மனைவியும் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் வரலாம் என்று சட்டத்தில் தெளிவாக இருந்தது. கலியாணப் பதிவு, பிறப்புப் பத்திரம், மொழிபெயர்ப்பு, முத்திரை என்று கேட்டதை எல்லாம் கொடுத்தேன். பிறகு சத்தமே இல்லை. தொலைபேசியில் கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். அமைச்சே எங்களுடைய விண்ணப்பங்களை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தது என்பது பிறகு அந்தத் 'தமிழர் வழக்கில்'தான் வெளியே வந்தது. அங்கே ஊரில் இந்திய இராணுவம் நின்றது. வீதியில் போன பிள்ளை திரும்பி வருமா என்று தெரியாது. இங்கே பேப்பர் தூங்கியது. மகளுக்குப் பதினேழு ஆகிவிட்டது.

பின்னேரங்களில் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் வேலை எனக்கு. அவரிடம் தளபாடத் தொழிற்சாலை முதலாளி ஒருவர் அடிக்கடி வருவார். ஒரு நாள் மேசையைத் துடைக்கத் தூக்கிய கடதாசிகளுக்குள் ஒரு பளபளப்பான புத்தகம் கிடந்தது. கடல், தென்னை, வெள்ளை வெள்ளையாய் வீடுகள். கரீபியன் கடலில் ஏதோ ஒரு குட்டி நாடு. இங்கிலீஷில் இருந்ததால் நின்றபடியே வாசித்தேன். வழக்கறிஞர் உள்ளே வந்து பார்த்தார், கோபிக்கவில்லை. முதலாளிக்கு இந்த நாட்டின் வரி பிடிக்கவில்லை, அதனால் அந்த நாட்டின் குடியுரிமையையும் எடுக்கிறார் என்றார்.

"எப்படி எடுக்கிறது?" என்று கேட்டேன்.

"அங்கே ஒரு வீடு வாங்கினால் போதும். மனைவிக்கும் பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுப்பார்கள்."

"அங்கே போய் இருக்க வேணுமா?"

"ஒரு நாளும் இருக்க வேண்டாம்."

"அந்தப் பாஸ்போட்டோடு டென்மார்க் வரலாமா?"

"வரலாம். விசா வேண்டாம்," என்றார். சில வாரங்களில் எல்லாம் முடிந்துவிடும் என்றும் சொன்னார்.

சில வாரங்கள். கையிலிருந்த ஈரத்துணியை எங்கேயாவது விட்டெறிய வேண்டும் போல் இருந்தது. பெற்ற பிள்ளையைக் கண்ணால் பார்க்க நான் ஒரு வருடத்துக்கு மேலாய்க் கெஞ்சுகிறேன். இந்த முதலாளி வரிக்குப் பயந்து, கால் வைக்காத ஊருக்குக் குடிமகன் ஆகிறார், ஒரு கேள்வியும் இல்லை. வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். வழி முழுக்க வாய்க்குள் திட்டிக்கொண்டே போனேன். அறைக் கதவைத் திறக்கும்போது முடிவு எடுத்துவிட்டேன். அவருக்கு ஏலுமென்றால் எனக்கும் ஏலும்.

ஊரில் எங்களுக்கு ஒரு கல்வீடு இருந்தது. மனைவிக்குச் சீதனமாக வந்தது, நாளைக்கு மகளுக்குப் போக வேண்டியது. பக்கத்து வளவுக்காரரின் பிள்ளைகள் கனடாவில். அவர் அதை வாங்கக் கனகாலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதை விற்று, குறைக்கு இங்கே சிநேகிதர்களிடம் வாங்கி, தீவில் ஒரு வீடு. மகளின் சீதனம் கடல் மாறிப் போகிறது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன்.

கடிதம் எழுத உட்கார்ந்தபோது மன்னார்த் தம்பி எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, பாஸ்போட், வெளிநாடு எண்டு ஒண்டும் எழுதாதேங்கோ. அங்கை ஆமிக்காரர் கடிதத்தை உடைச்சுப் பாக்கிறாங்களாம். பிறகு ஊரில இருக்கிற வீட்டுக்காரருக்குத்தான் கரைச்சல்."

அவன் சொன்னது சரிதான். அதனால் பூடகமாக எழுதினேன். 'பிள்ளையின் பேரில் தூரத்தில் ஒரு வீடு வாங்கப்போறன். ஊர் வீட்டைப் பக்கத்து வளவுக்காரருக்குக் குடுத்துவிடும். என்ன ஏது எண்டு இப்ப கேக்க வேண்டாம். பதினெட்டுக்கு முதல் எல்லாம் முடிய வேணும்.' ஒட்டி அனுப்பிவிட்டு, என்னுடைய கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. உறையைக் கிழித்ததும் ஒரு படம் விழுந்தது. கூறைச்சேலை, மாலை, கழுத்தில் தாலி. என் மகள். பக்கத்தில் எங்கள் ஒழுங்கை முடக்கில் சைக்கிள் கடை வைத்திருந்தவரின் மகன்.

'நீங்கள் எழுதினபடி பதினெட்டுக்கு முதல் முடிச்சிட்டம்,' என்று மனைவி எழுதியிருந்தாள். 'நீங்கள் பாத்த மாப்பிள்ளை ஆர், எந்த ஊர், ஒண்டும் எழுதேல்லை. முகம் தெரியாத ஒருத்தனிட்டை, தூர தேசத்தில பிள்ளையைக் குடுக்க எனக்கு மனம் வரேல்லை. கேட்டு எழுதிப் பதில் வரவும் நாள் காணாது. இவன் நல்ல பெடியன். வீட்டைப் பிள்ளைக்கே எழுதிக் குடுத்திட்டன். கோவிக்காதேங்கோ.'

அவளில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் ஆட்களில் ஒரு தகப்பன், நாள் குறித்து, அவசரப்பட்டு, பெண்பிள்ளையின் பேரில் வீடு வாங்குகிறான் என்றால் அது கலியாணச் சீதனமாக அல்லாமல் வேறு எதற்கு? எந்தத் தாயும் அப்படித்தான் வாசிப்பாள். எனக்குத்தான் அது உறைக்கவில்லை. கடிதத்தை உடைத்துப் பார்ப்பவனை ஏமாற்ற எழுதினேன். ஏமாந்தது வீட்டுக்காரி.

அதற்குப் பிறகு ஐந்து கிழமையில், கிடப்பில் கிடந்த பேப்பர் எழும்பி வந்தது. தடித்த உறை. மனைவிக்கு அனுமதி. மணமாகாத மகளுக்கு அனுமதி. மகளுக்குப் பதினெட்டு ஆக இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. வாசித்து முடித்து, குசினிக் கதவை உதைத்தேன். கீல் கழன்றுவிட்டது. மன்னார்த் தம்பி அதைத் திருத்தினான்.

அடுத்த வருடம் மனைவி தனியே வந்தாள். வந்த முதல் நாள், தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பிள்ளையின்ரை பேரில வாங்கப்போறன் எண்டு எழுதினியள். அந்த வீடு எங்கை?"

நான் சொன்னேன். தீவு, பாஸ்போட், முதலாளி, துடைத்த மேசை, எல்லாம். அவள் கோபிப்பாள் என்று காத்திருந்தேன். கத்தினால் நானும் கத்தலாம் என்று இருந்தது. அவள் தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நீங்கள் மாப்பிள்ளையே பாக்கேல்லையோ?"

"இல்லை," என்றேன்.

"பிள்ளை படிக்கப்போறன் எண்டு என்ரை காலைப் பிடிச்சு அழுதவள்," என்றாள். "அப்பா சொல்லிப்போட்டார் எண்டுதான் ஓம் எண்டவள்."